கத்திக்கு முன்னால் ஒன்பது புள்ளிகள்

"ஆறு ஆபரேஷன் அறைக்கு எதுக்குங்க பதினோரு மயக்க டாக்டர்?"

நிதி அலுவலகக் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் கணக்கதிகாரி. கேட்ட பாவத்துக்கு வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது.

"நல்ல கேள்வி. நீங்களே போய்ப் பார்த்துட்டு வாங்க. வெள்ளிக்கிழமை குழு கூடுது, அதுக்குள்ள சொல்லுங்க," என்றார் டீன்.

அது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மயக்கவியல் துறைக்குப் பணம் வருவது மணிக்கணக்கில். ஒவ்வொரு ஆபரேஷனும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று துறையிலிருந்து தினமும் ஒரு தாள் வரும். நாள் தாள் என்பார்கள். ஒரு டாக்டருக்கு ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம் என்று அலுவலகம் வகுத்துப் பார்க்கும். வகுத்தால் ஒன்பது டாக்டருக்குத்தான் வேலை இருந்தது. சம்பளம் போவதோ பதினோரு பேருக்கு. மிச்சமான இரண்டு பணியிடத்தை எடுத்துவிடலாமா, கூடாதா? வெள்ளிக்கிழமை முடிவாக வேண்டியது அதுதான்.

கணக்கதிகாரி துறைத்தலைவிக்கு ஃபோன் செய்தார்.

"உங்க வேலையைப் பார்க்க வரலாமா மேடம்?"

"தாராளமா வாங்க. ஆனா அந்த ரெண்டு பேரை எடுத்தா ரெண்டு பேரோட நிக்காது, அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. ரெண்டு மாணவருக்கு ஒரு ஆசிரியர்னு விதி. எங்க டாக்டருங்கதான் ஆசிரியருங்க, ரெண்டு ஆசிரியர் போனா அடுத்த வருஷம் நாலு பயிற்சி இடம் போயிடும். அந்த நாலு பேரும் இங்க பெஞ்சு தேய்க்கல. வேலை செய்யறாங்க."

"அதையெல்லாம் நேர்ல பார்த்துக்கறேன்."

"பாருங்க, பாருங்க. காலைல எட்டுக்கு வந்துடுங்க. குளிரும், உள்ளுக்குள்ள ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கோங்க."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கணக்கதிகாரி போய்விட்டார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெரிய சிஸ்டர் அவருக்கு நீலத் தொப்பியை மாட்டி, கண்ணாடியை இறக்கி, முகத்துணியைக் கட்டி, கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டார். சின்னக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி.

"எதையும் தொடாதீங்க மேடம். பச்சைத் துணி போட்டது எதுக்கும் கிட்ட போகாதீங்க. மயக்கம் வந்தா உட்கார்ந்துடுங்க, விழுந்துடாதீங்க. எங்க டாக்டருங்க எல்லாரும் அறையில மாட்டிக்கிட்டிருக்காங்க, உங்களைப் பார்க்க ஆள் கிடையாது."

மூன்றாம் அறையில் மேசைமேல் ஒரு தச்சர் படுத்திருந்தார். மாடியில் சாரம் சரிந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. தகடு வைக்க வேண்டும். தலைமாட்டில் துறைத்தலைவியும் ஒரு பயிற்சி டாக்டரம்மாவும். மானிட்டரில் நாடித்துடிப்பு 'டிக், டிக்' என்று ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐந்து.

கணக்கதிகாரி சின்ன நோட்டைத் திறந்து எழுதினார்: 8.05, நோயாளி, டாக்டர் இருவர், சர்ஜன் இல்லை.

"பல் ஏதாவது ஆடுதா ஐயா?" என்று பயிற்சி டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் ஆடலம்மா. எல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

பயிற்சி டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். துறைத்தலைவி குனிந்து தச்சரின் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க தச்சு வேலை செய்யறவர்தானே? ஒரு நியாயம் சொல்லுங்க. எங்க வீட்ல ஒரு நாற்காலி. ஒரு கால் ஆடுது. எங்க வீட்டுக்காரர் எலும்பு டாக்டர். 'ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்'னு மூணு மாசமா சொல்றேன். நேத்துதான் வந்து பார்த்தார். பார்த்துட்டு என்ன கேட்டார் தெரியுமா?"

"என்ன கேட்டாரு?"

"'எக்ஸ்ரே எங்க?'ன்னாரு."

தச்சர் வாய்விட்டுச் சிரித்தார். மேசையே குலுங்கியது. நாடித்துடிப்பு ஒரு துள்ளு துள்ளி மறுபடி அடங்கியது.

கணக்கதிகாரி எழுதினார்: 8.11, அரட்டை.

"ஊசி போட்டதும் கை மரத்துப் போயிடும் ஐயா. தூங்க வேண்டியதில்ல," என்றார் துறைத்தலைவி. பிறகு பயிற்சி டாக்டரம்மாவிடம், "மேல்வரிசை, இடது பக்கம், ஓரத்துல. சிரிச்சப்ப பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம். ஆடுது."

"என்னத்த ஆடுது?" என்றார் தச்சர், சிரிப்பு மாறாமல்.

"உங்க கல்லு ஐயா."

ஊசியைப் பயிற்சி டாக்டரம்மாதான் போட்டார், கழுத்தோரத்தில். ஸ்கேன் திரையில் கறுப்பும் வெளுப்புமாக ஏதோ நெளிந்தது. "இன்னும் கொஞ்சம் கீழ... அவசரமில்ல... அதை விட்டுத் தள்ளி வா," என்று துறைத்தலைவி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார். தானே செய்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். பன்னிரண்டு நிமிடம் ஆனது. கணக்கதிகாரி அதையும் எழுதினார்.

எட்டரைக்குத் தச்சரால் வலது கை விரலை அசைக்க முடியவில்லை. எல்லாம் தயார். சர்ஜனைக் காணோம்.

"யார் சர்ஜன்?" என்று கணக்கதிகாரி பெரிய சிஸ்டரிடம் கிசுகிசுத்தார்.

"ஒன்பது மணி."

"மணியைக் கேக்கல. ஆளைக் கேட்டேன்."

"ஆளைத்தான் மேடம் சொல்றேன். இங்க எல்லாரும் அவரை அப்படித்தான் சொல்லுவோம். மேடத்தோட வீட்டுக்காரர்."

எட்டு நாற்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. நல்ல உயரம், கலகலப்பான குரல். "என்ன, எல்லாரும் எனக்காகக் காத்துட்டிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எட்டு ஐம்பதுக்குக் கத்தி வைத்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை கணக்கதிகாரி பதிவேட்டு அறையில் உட்கார்ந்தார். இடப்பக்கம் அலுவலகத்துக்கு வந்த நாள் தாள்கள். வலப்பக்கம் நோயாளிகளின் மயக்கச் சார்ட்டுகள். முதலில் தச்சரைத் தேடி எடுத்தார். நாள் தாளில், 'தொடக்கம் 8.50' என்றிருந்தது. சார்ட்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நாடித்துடிப்பு பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி என்று எறும்பு ஊர்ந்த மாதிரி போய்க்கொண்டிருந்தது.

பதிவேட்டு எழுத்தர் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், புள்ளியை எண்ணிட்டிருக்கீங்க? கோலம் போடப் போறீங்களா?"

"இது எத்தனை நிமிஷத்துக்கு ஒரு புள்ளி?"

"அஞ்சு."

"வேலை எட்டு ஐம்பதுக்குத்தான் தொடங்கிச்சுன்னு எங்களுக்கு எழுதி அனுப்பியிருக்காங்க. அதுக்கு முன்னாடி இங்க ஒன்பது புள்ளி இருக்கே. அதை யாரு போட்டது?"

"டாக்டருங்கதான் போட்டிருப்பாங்க. ஆவியா வந்து போடும்?"

கணக்கதிகாரி அடுத்த சார்ட்டை எடுத்தார். ஆறு புள்ளி. அதற்கடுத்தது பத்து. மூன்று மாதக் கட்டை அவிழ்த்தார். எல்லாச் சார்ட்டிலும் தாள் சொல்கிற தொடக்கத்துக்கு முன்னால் புள்ளிகள் நின்றன. ஐந்துக்குக் குறைந்து ஒன்றுகூட இல்லை. கணக்கில் ஏமாற்றுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். செய்யாததைச் செய்ததாக எழுதுவார்கள். செய்ததைச் செய்யவில்லை என்று எழுதி அனுப்புகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறார். பகல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்துபோனார்.

சாயங்காலம் ஒரு சார்ட்டையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு துறைத்தலைவியின் அறைக்குப் போனார். துறைத்தலைவி காலணியைக் கழற்றிவிட்டுக் காலை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தார். ஒரு கால் ஆடுகிற நாற்காலி.

"ஓ, நாற்காலி நிஜம்தானா?"

"ஜோக்ல பாதி நிஜமா இருந்தாத்தான் ஆள் நல்லா சிரிப்பான். உட்காருங்க, அந்தப் பக்கம் உட்காருங்க."

"மேடம், தாள்ல தொடக்கம்னா நீங்க எதை எழுதறீங்க?"

"கத்தி வைக்கிற நேரத்தை."

"ஏன்?"

"அப்படித்தான் எழுதுவோம்."

"அதான் ஏன்னு கேக்கறேன். நீங்க எட்டு அஞ்சுக்கே தொடங்கிட்டீங்க. நான் பார்த்தேனே. சார்ட்டும் அதைத்தான் சொல்லுது. தாளை மட்டும் பார்த்தா நீங்க அந்த முக்கால் மணி நேரம் வீட்ல தூங்கின மாதிரி இருக்கு. யாரு இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது?"

துறைத்தலைவி காலை இறக்கினார்.

"நான்தான்."

"நீங்களா?"

"அப்ப நான் பயிற்சி டாக்டர். நேரத்தைச் சரியா எழுதித்தான் அனுப்பிட்டிருந்தோம். தொடக்கம் எட்டு அஞ்சு, கத்தி எட்டு ஐம்பதுன்னு ரெண்டும் இருக்கும். ஒருநாள் ஒரு இளம் சர்ஜன் தாளைத் தூக்கிட்டு வந்து எங்க பழைய தலைவர்கிட்ட கத்தினார். 'நான் லேட்டுன்னு ஊருக்கே காட்டறதுக்கா இதை எழுதறீங்க?'ன்னு. பெரிய ரகளை. ஒரு வாரம் ரெண்டு துறையும் மூஞ்சி பார்த்துக்கல. நான்தான் போய்ச் சொன்னேன், 'சார், தொடக்கத்துக்கும் கத்தி நேரத்தையே போட்டுடலாமே. வேலை நடந்தா சரி, தாள்ல என்ன இருக்கு?'ன்னு. எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. அதுலேருந்து ஒரே கட்டம்தான்."

"அந்த இளம் சர்ஜன்..."

"சண்டை தீர்ந்துது. அடுத்த வருஷம் கல்யாணமும் ஆச்சு."

கணக்கதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். துறைத்தலைவி சிரிக்கவில்லை.

"தாள்ல என்ன இருக்குன்னு நினைச்சேன். ரெண்டு டாக்டரும் நாலு பயிற்சி இடமும் அதுல இருந்திருக்கு," என்றார். "இப்ப நான் வெள்ளிக்கிழமை எதைச் சொல்ல? நிஜத்தைச் சொன்னா முதல் பேரு எங்க வீட்டுக்காரர் பேரு. எலும்புத் துறைத் தலைவரா அவரும் அந்தக் குழுவுல உட்கார்ந்திருப்பார். சொல்லாம விட்டா என் ஆளுங்க போவாங்க."

"நான் இன்னொண்ணும் சொல்லணும் மேடம். உங்களுக்குப் பிடிக்காது."

"சொல்லுங்க."

"ஒன்பது புள்ளியும் வேலை இல்ல. எட்டரைக்கே கை மரத்துப் போச்சு. முதல் அஞ்சு புள்ளி வேலை. கடைசி நாலு புள்ளி நீங்க சும்மா நின்னது. சும்மா நின்னதை வேலைன்னு என்னால எழுத முடியாது."

"சும்மாவா? மரத்த கையோட ஒரு மனுஷன் படுத்திருக்கான். நான் எங்க போக முடியும்?"

"போக முடியாது. சரிதான். ஆனா அது உங்க வேலை இல்ல, அவர் வராததோட விலை. அந்தக் கட்டம் வேற." கணக்கதிகாரி நோட்டைத் திருப்பிக் காட்டினார். "சார்ட்ல 'தயார்'னு குறிச்ச நேரத்தை வெச்சு ஆறு அறைக்கும் கூட்டிப் பார்த்தேன். வேலைப் புள்ளி மட்டும் ஒரு நாளைக்கு எட்டே கால் மணி நேரம். ஒன்றரை டாக்டர். காத்திருந்தது ரெண்டே முக்கால் மணி நேரம். அரை டாக்டர்."

"அரை டாக்டரை எங்கன்னு போய்த் தேடுவேன்? மேல்பாதியா, கீழ்பாதியா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. இருக்கறதைத்தான் சொல்வேன்."

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது துறைத்தலைவி கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லாமல் குழுவில் வைப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. எலும்பு டாக்டர் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆக, நான்தான் குற்றவாளி."

"குற்றம்னு யாரு சொன்னது? நேரம்னு சொன்னேன்."

"மத்தவங்க எல்லாரும் டாண்ணு வந்துடறாங்களா?"

"வர்றதில்ல. ஆனா மத்தவங்களுக்கு யாரும் மணியைப் பேரா வைக்கல."

"பேரா? என்ன பேரு?"

"அதை விடுங்க."

"சொல்லேன்."

"ஒன்பது மணி."

எலும்பு டாக்டர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்காமல் வைத்தார். முகம் சிவந்திருந்தது. எழுந்து போய்விடுவார் என்று மனைவி நினைத்தார். அவர் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கோபமில்லாத குரலில் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், கிண்டல் பண்ணாம சொல்லு. நான் வர்றதுக்கு முன்னாடி நீங்கல்லாம் அங்க என்னதான் பண்றீங்க?"

"என்னங்க இது? இத்தனை வருஷம் கழிச்சா கேக்கறது?"

"நான் உள்ள வரும்போது ஆள் தயாரா இருப்பான். நான் வந்தப்பறம் நடக்கறதுதான் எனக்குத் தெரியும். நான் இல்லாதப்ப அந்த அறை எப்படி இருக்கும்னு நான் எப்படிப் பார்க்கறது?"

"சீக்கிரம் வந்து பார்க்கறது."

வியாழக்கிழமை எட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எலும்பு டாக்டர் மூன்றாம் அறைக்குள் நுழைந்தார். பெரிய சிஸ்டர் கையிலிருந்த தட்டைச் சட்டென்று கீழே வைத்தார். "என்ன சார், யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்றார் பதறிப்போய்.

"ஒண்ணும் ஆகல. நான் எங்க நிக்கறது?"

"கணக்கு மேடம் பக்கத்துல நில்லுங்க. அவங்களும் பார்க்கத்தான் வந்திருக்காங்க. ஆனா எதையும் தொடாதீங்க."

இருவரும் சுவரோரமாகப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். அன்றைக்கு மேசையில் ஒரு பஸ் டிரைவர். தோளெலும்பு. முழு மயக்கம் கொடுக்க வேண்டிய கேஸ். பயத்தில் உதட்டை இறுக்கிப் பூட்டியிருந்தார். பயிற்சி டாக்டரம்மா "வாயைத் திறங்க" என்றால் ஒரு விரல் அளவுதான் திறந்தது.

"டிரைவர் ஐயா," என்றார் துறைத்தலைவி, "உங்க பஸ் என்னைக்காவது லேட்டா வந்திருக்கா?"

டிரைவர் இல்லை என்று தலையசைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கே முக்கால் மணி நேரம் லேட். அலங்காரமெல்லாம் முடிஞ்சு நான் உட்கார்ந்து உட்கார்ந்து தூங்கியே போயிட்டேன். அவர் வந்தார். என்னைப் பார்த்தார். கைகழுவக் குழாய் எங்கன்னு தேடறார். எங்கப்பா கேட்டார், 'எதுக்கு மாப்பிள்ளை?'ன்னு. 'பொண்ணுக்கு மயக்கம் கொடுத்தாச்சே, நான் ரெடியாக வேண்டாமா?'ன்னாரு."

டிரைவரின் பூட்டு உடைந்தது. தொண்டைவரை தெரிகிற சிரிப்பு. துறைத்தலைவியும் பயிற்சி டாக்டரம்மாவும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தார்கள்.

"மூணு விரல் திறக்குது. கழுத்தும் பின்னால நல்லா சாயுது. மூச்சுக்கான குழாயைச் சுலபமா போட்டுடலாம்," என்றார் பயிற்சி டாக்டரம்மா.

சுவரோரத்தில் எலும்பு டாக்டர் கணக்கதிகாரி பக்கம் சாய்ந்தார். "அரை மணி நேரம்தான் லேட்டு. முக்கால்னு சேர்த்துச் சொல்றா."

"எனக்கு அந்தச் சார்ட் கிடைக்கல சார்."

"எல்லா நோயாளிகிட்டயும் இப்படித்தானா?"

"நான் பார்த்த ரெண்டு பேர்கிட்டயும் ஜோக்ல நீங்கதான்."

"அதான் எல்லாரும் வார்டுல என்னைப் பார்த்ததும் சிரிக்கறாங்க. நான் நல்லா குணமாயிட்டாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன்."

அன்றைக்கு எட்டு முப்பத்திரண்டுக்குக் கத்தி வைத்தார்.

வெள்ளிக்கிழமை குழுவில் கணக்கதிகாரி உள்ளதை மட்டும் சொன்னார். ஒரே கட்டத்தில் எழுதப்பட்டது உண்மையில் மூன்று கட்டம்: மயக்க மருத்துவர் தொடங்கியது, தயாரானது, கத்தி வைத்தது. முதல் இடைவெளி ஒன்றரை டாக்டர். இரண்டாவது இடைவெளி அரை டாக்டர். யார் பெயரையும் அவர் சொல்லவில்லை.

"ஒன்றரையை ஒத்துக்கறேன். காத்திருந்ததுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஒரு பணியிடம் இருக்கட்டும், ஒண்ணை எடுத்துடலாம். அரை ஆளை வேலைக்கு வைக்க முடியாதே," என்றார் டீன்.

துறைத்தலைவியின் பேனா மேசைமேல் உருண்டது. ஒரு ஆசிரியர், இரண்டு பயிற்சி இடம். அவர் வாய் திறப்பதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அந்த அரை ஆளை எங்க துறை தரட்டும்," என்றார் எலும்பு டாக்டர். "காக்க வெச்சது நாங்க. அதுல பெரும்பங்கு என்னோடது. என் பட்ஜெட்லேருந்து எடுத்துக்கோங்க."

அறையில் யாரோ இருமினார்கள்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார் டீன். "உங்க மனைவி துறைக்கு நீங்க சம்பளம் தர்றதா?"

"வீட்ல தர்றதை இங்கயும் தரப் போறேன். புதுசா ஒண்ணும் இல்லையே."

"வீட்ல யாரு யாருக்குத் தர்றாங்கன்னு அப்புறம் பேசிக்கலாம்," என்றார் துறைத்தலைவி.

கணக்கதிகாரி கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். நாளையிலேருந்து எல்லா சர்ஜனும் நேரத்துக்கு வந்துட்டா காத்திருக்கற நேரமே இருக்காது. அப்ப அந்த அரை டாக்டருக்கு எங்கேருந்து பணம் வரும்?"

எல்லாரும் எலும்பு டாக்டரைப் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார்.

"நேத்து நீங்க எட்டரைக்குத் தொடங்கினீங்க," என்றார் துறைத்தலைவி மெதுவாக. "மூணாவது கேஸ் ஒண்ணரைக்கே முடிஞ்சுது. எப்பவும் நேரமில்லன்னு மறுநாளுக்குத் தள்ளற ஒரு சின்ன கேஸை நேத்தே எடுத்தீங்க. அந்தக் கேஸோட மணி நேரமும் தாள்ல ஏறியிருக்கு."

கணக்கதிகாரி நேற்றைய தாளைத் தேடி எடுத்தார். ஏறியிருந்தது. விரல்விட்டு எண்ணி, நோட்டில் ஏதோ பெருக்கி, இரண்டு தரம் அடித்து, மூன்றாம் தரம் எழுதினார். "வாரத்துக்கு ஒம்பது கேஸ் அப்படிக் கூடினா அரை டாக்டருக்குச் சரியா வரும். கூடலைன்னா வராது. இப்பவே சொல்ல முடியாது. ஒரு வருஷம் பார்க்கணும்."

"ஒரு வருஷம்," என்றார் டீன். "ரெண்டு பணியிடமும் இருக்கட்டும். மூணு கட்டத் தாள். வருஷ முடிவுல நீங்களே வந்து எண்ணுங்க."

வெளியே வராந்தாவில் துறைத்தலைவி கணக்கதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு வாய் நல்லா திறக்குதே. தைரியமா எங்க மேசையில வந்து படுக்கலாம்," என்றார். அப்போதுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது கணக்கதிகாரிக்குத் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை புதுத் தாளின் முதல் நாள். எழுதுகிறவர்கள் சரியாக எழுதுகிறார்களா என்று பார்க்கக் கணக்கதிகாரி மூன்றாம் அறைக்குப் போனார். அன்றைக்குப் பயிற்சி டாக்டரம்மாவின் ஊசி ஒரே தடவையில் சரியான இடத்துக்குப் போகவில்லை. எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தது. எட்டரைக்கு நோயாளி கட்டைவிரலை இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். எலும்பு டாக்டர் கையைக் கழுவி, கையுறை மாட்டி, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நின்றார். எட்டு முப்பத்தைந்து. எட்டு நாற்பது.

"இன்னும் ஆகலையா?"

"ஆகல. அது பாட்டுக்கு மரக்கட்டும். அவசரப்படுத்தாதீங்க," என்றார் மனைவி.

எலும்பு டாக்டர் தலையைத் திருப்பினார். "கணக்கு மேடம், உங்க புதுத் தாள்ல நான் காத்திருக்கறதுக்கு ஒரு கட்டம் இல்லையா?"

கணக்கதிகாரி தாளை மேலும் கீழும் பார்த்தார். இல்லைதான். அதை அவர் யோசிக்கவே இல்லை. பென்சிலை எடுத்து ஓரத்தில் நேராக ஒரு கோடு இழுத்தார்.

"எத்தனை மணிலேருந்து சார் நிக்கறீங்க?"